அளவு சரி, ஆள்தான் தப்பு

ஒரு வீட்டின் நியாயத்தை அளந்து பார்க்க விரும்புகிறவர்கள் அதன் வாசலில் நின்று நேரத்தை வீணாக்க வேண்டாம். கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களையும் பார்க்க வேண்டாம். நேரே அடுக்களைக்குப் போங்கள். அங்கே மேடை எவ்வளவு உயரம், அதன் முன் யாருடைய முதுகு வளைகிறது, வளைந்த அந்த முதுகைப் பற்றி வீட்டில் எவரேனும் வாய் திறக்கிறார்களா என்று பாருங்கள். அப்படிப்பட்ட ஒரு மேடையைப் பற்றியது இந்தக் கதை. அதைச் செய்த தச்சரும், அதற்குப் பொய்யளவு கொடுத்த தையற்காரரும் இதில் வருகிறார்கள். அளவெடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் அளவில் பொய் சொன்னார் என்பது வேடிக்கை. ஏன் சொன்னார் என்பது வேதனை.

தையற்காரரின் வீட்டு முன்னறைதான் அவருடைய கடை. தெருவைப் பார்த்த சன்னலருகே தையல் இயந்திரம், சுவரோரம் வெட்டுமேசை, கொக்கிகளில் பாதி உயிர் பெற்ற சட்டைகள். அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். விடியுமுன் சீருடை அணிந்து பணிமனைக்குப் போய்விடுவார். ஊரையே ஏற்றி இறக்கிவிட்டு, மாலையில் தோள் கனக்கத் திரும்புவார். நாள் முழுதும் வீட்டிலிருப்பவர் கணவர். ஆகவே சமைப்பவரும் அவரே. கூட்டம் போட்டு நிறைவேற்றிய தீர்மானமன்று அது. திருமணமான புதிதில் ஒரு மாலை, பசியோடு வந்த மனைவிக்கு அவர் ரொட்டி சுட்டுப் போட்டார். மறுநாளும் போட்டார். அவ்வளவுதான்.

அந்த வீட்டின் அடுக்களை வாயிலுக்கு நிலை இருந்தது, கதவு இருந்ததில்லை. மாலைகளில் ஓட்டுநர் முகம் கழுவிவிட்டு, அந்த வாயிலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டி அமர்வார். உள்ளே கணவர் மாவு பிசைவார். மனைவி அன்றைய தினத்தை அவிழ்த்துக் கொட்டுவார். சில்லறைக்குச் சண்டை போட்டவர், தூங்கிப்போய்க் கடைசி நிறுத்தம் வரை வந்தவர், இறங்கும்போது நன்றி சொன்ன சிறுமி, பிரேக் பிடித்ததற்காகப் பரம்பரையையே திட்டித் தீர்த்த கனவான் என்று ஒருவர் விடாமல் அந்த அடுக்களைக்குள் வந்து போவார்கள். “அப்புறம்?” என்பார் கணவர், ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. அந்த “அப்புறம்” கேட்பதற்காகவே பகலெல்லாம் வண்டி ஓட்டுவதாக ஓட்டுநருக்குச் சில நாள் தோன்றும். அவருக்கு நகை பிடிக்காது, நாடகத்துக்குப் போக நேரமில்லை. அந்த அந்திப் பொழுது ஒன்றுதான் அவர் தமக்கென்று வைத்திருந்த சொத்து.

இந்த நிலையில், தனியாக வாழ்ந்துவந்த தையற்காரரின் அப்பா படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது, தனிமை தப்பவில்லை. இனி மகனோடு இருப்பது என்று முடிவாயிற்று. பொருட்கள் போட்டுவைத்த பின்னறையை அவருக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கட்டை பொருத்த வேண்டும். கையோடு கையாக, கரையான் தின்று கூடாகிப்போன அடுக்களை அலமாரிகளையும் மேடையையும் புதிதாகச் செய்துவிடலாம் என்று இருவரும் பேசி, அடுத்த தெருத் தச்சரை அழைத்தார்கள்.

தச்சர் நல்ல வேலைக்காரர். அதைவிட நல்ல வாய்க்காரர். உளி ஓடும் வேகத்துக்கு நாக்கும் ஓடும். ஆனால் ஒரு நெறி வைத்திருந்தார். ஆளை நிறுத்திப் பார்க்காமல் அடுக்களை மேடைக்கு அளவு எடுக்க மாட்டார். செங்கல்லை இருபுறமும் அடுக்கி, மேலே பலகை போட்டு, சமைக்கிறவரை அதன் முன் நிறுத்திக் கையில் வேலையும் கொடுப்பார். கல்லைக் கூட்டுவார், குறைப்பார். முழங்கை எங்கே நிற்கிறது, தோள் எங்கே தூக்குகிறது என்று பார்த்த பிறகுதான் பென்சிலைக் காதிலிருந்து எடுப்பார்.

அன்று ஓட்டுநருக்கு விடுமுறை. பலகை போட்டாயிற்று.

“ம், சமைக்கிறவங்க வாங்க முன்னாடி,” என்றார் தச்சர்.

தையற்காரர் ஓரடி எடுத்து வைத்தார்.

“நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க சார், அவங்க வரட்டும்,” என்று சிரித்தார் தச்சர். “போன மாசம் ஒரு வீடு. இப்படித்தான் கூப்பிட்டேன். வீட்டுக்காரர் வந்து நிக்கிறார்! ‘ஏன் சார், அம்மா இல்லையா’ன்னேன். ‘நான்தாங்க சமையல்’ங்கறார். ஆளு ஆறடி. மேடையை நெஞ்சு உசரத்துக்குத் தூக்கிப் போட்டுட்டு வந்தேன். வழியெல்லாம் சிரிப்பு சார், அடக்க முடியலை. வீட்டுல போய்ச் சொன்னா என் சம்சாரம் நம்பவே மாட்டேங்கறா. அடுத்த தடவை போகும்போது அவருக்கு ஒரு வளையல் வாங்கிட்டுப் போலாம்னு இருக்கேன்.”

முன்வைத்த கால் பின்வாங்கியது. தையற்காரரின் முகத்தில் இரத்தம் ஏறி இறங்கியதை மனைவி பார்த்தார். அவர் வாயைத் திறந்து, “இவதான் சமைக்கிறா, இவளை நிக்க வைங்க,” என்று சொன்னதையும் கேட்டார்.

அந்த நேரத்தில் ஓட்டுநர் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்ல நம்மில் ஆயிரம் பேர் இருக்கிறோம். மேடைபோட்டு முழங்கவும் செய்வோம். அவர் செய்தது வேறு. சிரிப்புக்கு ஆளாகக் கூசி நின்ற ஒரு மனிதரைப் பார்த்தார். அந்த மனிதரைத் தமக்கு மிகவும் பிடிக்கும் என்பது நினைவுக்கு வந்தது. போய்ப் பலகை முன் நின்றார்.

தச்சர் வெங்காயத்தையும் கத்தியையும் கொடுத்தார். ஓட்டுநர் கத்தியைப் பிடித்தார்.

“என்னம்மா, கியர் போடற மாதிரி பிடிக்கறீங்க!”

“பழக்க தோஷம்,” என்றார் ஓட்டுநர். வெங்காயம் நான்காகப் பிளந்து ஒரு துண்டு தரையில் உருண்டது. தச்சர் குனிந்து முழங்கையைப் பார்த்தார். ஓட்டுநர் கணவரின் தோளுக்குக் கொஞ்சம் கீழே நிற்பவர். செங்கல் ஒரு வரிசை குறைந்தது. பென்சில் காதிலிருந்து இறங்கியது. பொய் பலகையில் கோடாக விழுந்தது.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. வேலை முடித்துக் கிளம்பும்போது தச்சர் தமக்கு ஒரு சட்டை வேண்டும் என்றார். தையற்காரர் நாடாவை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினார். தச்சர் வயிற்றை எக்கி உள்ளே இழுத்துக்கொண்டு சிப்பாயைப் போல நின்றார்.

“மூச்சை விடுங்க,” என்றார் தையற்காரர். “சட்டை உங்களுக்கா, உங்க ஆசைக்கா?”

நித்தம் நான்கு பேருக்குச் சொல்லும் வாசகம் அது. பின்னாலிருந்து மனைவி தம்மையே பார்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்ததும் நாடாவை அவசரமாகச் சுருட்டிக்கொண்டார்.

சில நாள் கழித்து ஓட்டுநர் வேலையிலிருந்து திரும்பியபோது அடுக்களை நிலையில் புதிதாக ஒரு கதவு நின்றது. நல்ல கனமான கதவு. சாத்திப் பார்த்தார்; சத்தமின்றிச் சாத்திக்கொண்டது.

“இது எதுக்குங்க?”

“அப்பாவுக்குப் புகை ஆகாது,” என்றார் கணவர், அவர் முகத்தைப் பாராமல்.

“மாமாவுக்குப் புகை ஆகாதா? இல்ல, மாமா பார்த்தா உங்களுக்கு ஆகாதா?”

கணவர் இயந்திரத்தை மிதித்தார். அது கடகடவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. “கொஞ்ச நாளைக்கு,” என்றார். “அவர் பழகற வரைக்கும்.”

எதற்குப் பழகுவார் அந்தப் பெரியவர்? மூடிய கதவுக்குத்தானே! ஓட்டுநர் அதைச் சொல்லவில்லை. வருகிறவர் அடிபட்டு வருகிறார், இவரோ அடிக்கு முன்பே அழுகிற பிள்ளையாக நிற்கிறார். இப்போது வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அப்பா வந்தார். கெட்டவரில்லை, அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் எதிர்ப்பது எளிது. பெரிய குரல், பெரிய சிரிப்பு, பெரிய பசி. பின்னறையைப் பார்த்து, “ராஜா மாதிரி வெச்சிருக்கீங்கடா!” என்று கண் கலங்கினார். குளியலறைக் கட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, தச்சரை வாழ்த்தினார். முதல் வேளைச் சாப்பாட்டிலேயே மருமகளை அழைத்தார்.

“அம்மாடி! இந்தப் பருப்புக்கு உன் கைக்கு மோதிரம் போடணும்மா. வண்டியும் ஓட்டிக்கிட்டு, வீட்டுலயும் இப்படி ஆக்கிப் போடறியே! டேய், நீ கொடுத்து வெச்சவன்டா.”

“ஆமாப்பா,” என்றார் மகன், தட்டைப் பார்த்தபடி.

ஓட்டுநர் தலையை ஆட்டினார். மற்றவர் உழைப்புக்குக் கிடைக்கும் புகழ், அளவு பொருந்தாத சட்டையைப் போல. எங்கே இழுத்தாலும் எங்கோ பிடிக்கும்.

அதன் பின் வீட்டின் நடைமுறை மாறியது. பெரியவர் பகலில் உறங்கும்போது தையற்காரர் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்து வைப்பார். மனைவியின் இடுப்புக்குச் செய்த மேடை அவருக்குத் தாழ்வு. குனிந்தே நறுக்கி, குனிந்தே பிசைந்து, நிமிரும்போது இடுப்பில் கையை ஊன்றிக்கொள்வார். “மிஷின்ல குனிஞ்சு குனிஞ்சு உனக்கு இப்பவே கிழட்டு முதுகுடா,” என்று இரக்கப்படுவார் அப்பா. மாலையில் மனைவி வந்து, கதவுக்கு உள்ளே தனியே நின்று, ஆறியதைச் சூடாக்குவார். கணவர் ரொட்டியாவது சுடலாம் என்று எழுந்தால், கூடத்திலிருந்து அந்தப் பெரிய குரல் வரும்:

“எங்கடா போறே? அவ பார்த்துக்குவா. பொம்பளைங்க இடத்துல உனக்கென்ன வேலை? வா, உக்காரு, பேசிக்கிட்டிருக்கலாம்.”

கணவர் அமர்ந்துவிடுவார். அவர்கள் பேசுவார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் ஓட்டுநருக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும். சாலையின் நடுவில் வண்டியை மறித்துப் படுத்துக்கொண்ட மாட்டைப் பற்றியும், மாட்டை எழுப்ப இறங்கிய பயணிகள் தமக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அடுப்பிடம் சொல்வதா? படுக்கும் வேளையில் சொல்லலாம் என்றால் அதற்குள் உறக்கம் வந்துவிடும், கதையும் ஆறிப்போய்விடும். சூடாக்கினாலும் ருசிக்காத பண்டம் அது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஓட்டுநர் ஒரு மாலை வெட்டுமேசையருகே வந்து நின்றார். பெரியவர் பக்கத்துத் தெரு வரை மெல்ல நடக்கப் போயிருந்தார்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு, டிரைவரம்மா,” என்றார் கணவர். கொஞ்சும் நேரத்துப் பெயர் அது.

“யார் சமைச்சா என்ன, எனக்கு அது பெருசில்ல. நாளைக்கே நான் கத்துக்கிட்டுச் சமைக்கிறேன், வாயில வைக்க முடியாது, அது வேற விஷயம். ஆனா அந்தச் சாயந்தரம் எனக்கு வேணும். நீங்க உள்ள, நான் வாசல்ல. அதை இந்தக் கதவு தின்னுடுச்சு. கரையானுக்காச்சும் மருந்து இருக்கு.”

கணவர் துணியில் இருந்து கத்தரிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தார்.

“நாளைக்கு எனக்கு லீவு. தச்சரை வரச் சொல்லியிருக்கேன்,” என்று தொடர்ந்தார் ஓட்டுநர். “கதவைக் கழட்டச் சொல்லப் போறேன். ஏன்னு கேட்பாங்க. அதை நான் சொல்ல மாட்டேன். அது உங்க வாயிலேர்ந்துதான் வரணும். சொன்னீங்கன்னா கதவு போகும். சொல்லலைன்னா அது அப்படியே இருக்கட்டும். அதுக்கப்புறம் இதைப் பத்தி நான் கேட்கவே மாட்டேன்.”

மிரட்டலாக அவர் சொல்லவில்லை. குரல் தாழ்ந்தேயிருந்தது. அதனாலேயே கணவருக்கு அது உறைத்தது. கேட்கவே மாட்டேன் என்று இவர் சொன்னால் கேட்கமாட்டார். அப்படியே சொல்வதையும் நிறுத்திவிடுவார். பிறகு அந்த வீட்டில் ஒரு நல்ல மேடை இருக்கும், நல்ல கதவு இருக்கும், பேச்சு இருக்காது.

மறுநாள் காலையில் தச்சர் பையோடு வந்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்.

“என்னம்மா, பிடிக்குதா? ஆவியில மரம் உப்பியிருக்கும். ஓரத்துல ரெண்டு இழுப்பு இழைச்சு விட்டுடறேன்.”

“இழைக்க வேணாம். கழட்டிடுங்க.”

“கழட்டறதா!”

கூடத்து நாற்காலியிலிருந்து பெரியவர் எட்டிப் பார்த்தார். “ஏம்மா, நல்ல கதவாச்சே! நான் தட்டிப் பார்த்தேன், கட்டி மரம். இதைப் போயா?”

“கேட்டுக்குங்க, பெரியவரே சொல்லிட்டார்,” என்றார் தச்சர் சூடாக. “நான் போட்ட கதவைக் கழட்டச் சொன்ன முதல் வீடு இதுதாம்மா. என்ன குறைன்னு சொல்லுங்க. குறை இருந்தா இப்பவே கழட்டி என் தலையிலயே தூக்கிட்டுப் போறேன்.”

“கதவுல குறை இல்ல,” என்றார் ஓட்டுநர். “காரணம் வேற. அது என்கிட்ட இல்ல.”

அவர் முன்னறையை நோக்கினார். தச்சரும் நோக்கினார். காரணம் புரியாவிட்டாலும் பெரியவரும் நோக்கினார். அங்கே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் துணி இல்லை. வெற்று ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

தையற்காரர் எழுந்து வந்தார். கழுத்தில் நாடா தொங்கியது. அதன் இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்திருந்தார்.

“கதவு மட்டும் போனா பத்தாது,” என்றார். “மேடையையும் உசத்தணும்.”

“மேடையா?” தச்சருக்குக் குரல் ஏறிவிட்டது. “சார், கதவைக்கூட பொறுத்துக்கறேன். மேடையைச் சொல்லாதீங்க. அம்மாவை நிக்க வெச்சு, கையில கத்தி கொடுத்து, ஒவ்வொரு கல்லாப் பார்த்துப் போட்டது. என் அளவு தப்பாது.”

“அளவு சரி. ஆள்தான் தப்பு.” அவர் நாடாவின் முனைகளை இறுக்கிப் பிடித்தார். “இந்த வீட்டுல சமைக்கிறது நான்.”

பெரியவர் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று எண்ணி, உரக்கவே சிரித்தார். எவரும் சேர்ந்து சிரிக்காததைக் கண்டு சிரிப்பு பாதியில் நின்றது.

“என்னடா சொல்றே?”

“நான்தாம்பா. கல்யாணம் ஆனதுலேர்ந்து.”

“அப்ப… நான் சாப்பிட்டதெல்லாம்?”

“நான் செஞ்சது.”

“அந்தப் பருப்பு?”

“நான்.”

“நேத்து ரொட்டி? பஞ்சு மாதிரி இருந்துச்சே, அது?”

“அதுவும் நான்தாம்பா.”

பெரியவர் மருமகளைப் பார்த்தார். “இவளுக்குல்ல நான் மோதிரம் போடறேன்னேன்! நீ பக்கத்துல உக்காந்து தலையாட்டினியேடா!”

“நானும்தான் ஆட்டினேன் மாமா,” என்றார் ஓட்டுநர்.

“ரெண்டு பேரும் சேர்ந்து என்னை…” பெரியவருக்குச் சொல் தட்டியது. “ஏன்டா மறைச்சே? நான் என்ன புலியா, கரடியா? என்னைக் கண்டா அவ்வளவு பயமா உனக்கு?”

“பயம் இல்லப்பா,” என்று தொடங்கிய மகன் நிறுத்திக்கொண்டார். நாடாவின் முனைகளை விட்டார். “இல்ல. பயம்தான். ஒரு தடவை அம்மாவுக்குக் காய்ச்சல். நான் சின்னப் பையன், மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தேன். நீங்க உங்க சிநேகிதங்களோட உள்ள வந்தீங்க. ‘பாருங்க, எனக்கு ஒரு பொண்ணு பொறந்திருக்கு’ன்னு காட்டினீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க. இவர் அன்னிக்கு மேடைக்கு அளவெடுக்க வந்து ஒரு கதை சொல்லிச் சிரிச்சார் பாருங்க, அதே சிரிப்பு. காலு தானா பின்னாடி போயிடுச்சு.”

தச்சர் தரையைப் பார்த்தார்.

“நான் அப்படிச் சொன்னேனா?” என்றார் பெரியவர்.

“சொன்னீங்க.”

“எனக்கு ஞாபகமே இல்லையேடா.”

உண்மைதான், அவருக்கு நினைவில்லை. ஏளனம் செய்பவர்களுக்கு நினைவுத் துன்பம் கிடையாது. ஒரு கைப்பிடிச் சிரிப்பை வீசிவிட்டு அவர்கள் தம் வழியே போய்விடுகிறார்கள். பொறுக்கி எடுத்து ஆயுள் முழுதும் மடியில் கட்டிக்கொண்டு நடப்பவர்கள் மற்றவர்கள். அதன் பாரம் தாங்காமல்தான் ஆண்கள் அடுக்களைக்குக் கதவு போடுகிறார்கள், பெண்கள் தமக்குரியதல்லாத புகழுக்குத் தலையாட்டுகிறார்கள்.

பெரியவர் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். அங்கேயும் தச்சர் போட்ட கதவுதான். அதுவும் சத்தமின்றிச் சாத்திக்கொண்டது.

தையற்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். மனைவி அருகே வந்து அவர் கழுத்தில் கோணலாகக் கிடந்த நாடாவை நேராக்கிவிட்டார். அதைச் செய்து முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

“அவர் மனசு நொந்துட்டார்,” என்றார் கணவர்.

“நொந்திருக்கும். நாம ஏமாத்தினோம்ல? அதுக்கு நானும் பொறுப்பு.”

தச்சர் தொண்டையைக் கனைத்தார். “சார், அன்னிக்கு நான் சொன்ன கதை… அதுல சிரிச்சது நான் மட்டும்தான் போல.”

“ஆமாங்க.”

“என் சம்சாரமும் சிரிக்கலை, இப்பதான் யோசிக்கிறேன். ‘அந்த வீட்டு விலாசம் கொடு, நான் போய் இருந்துக்கறேன்’னா.” அவர் பையைத் திறந்து திருப்புளியை எடுத்தார். “என்னை மூச்சை விடச் சொன்னீங்களே, அன்னிக்கு நீங்க விட்டீங்களா? ரெண்டு பேருமே வயித்தை எக்கிக்கிட்டு நின்னிருக்கோம். செங்கல் எங்க இருக்கு, சொல்லுங்க.”

திருகாணிகள் ஒவ்வொன்றாக இறங்கின. கதவு நிலையை விட்டுப் பிரிந்து, வெட்டுமேசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்தது. பிறகு மீண்டும் செங்கல், மீண்டும் பலகை. தச்சர் மாவும் தண்ணீரும் கேட்டு வாங்கிப் பலகை மேல் வைத்தார். தையற்காரர் பிசைந்தார். அந்தக் கைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மணிக்கட்டு உருள, உள்ளங்கை அழுத்த, மாவு திரண்டு வழுவழுப்பானது. முழங்கையைப் பார்க்கக் குனிந்த தச்சர் மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அளவைப் பாருங்க,” என்றார் தையற்காரர்.

“இருங்க சார், பிசையறதைப் பார்க்கவிடுங்க. எங்க வீட்டுல இது சிமெண்ட்டு மாதிரி வருது.”

அலமாரிகளுக்கு அடியில் கட்டை கொடுத்து மேடையை உயர்த்துவது என்று ஆயிற்று. அந்த வேலை முடியும் வரை அடுப்பைப் பலகை மேலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தச்சர் போனார். போகும் முன் பின்னறைக் கதவருகே ஒரு கணம் தயங்கினார், தட்டாமலே போய்விட்டார்.

பகல் முழுதும் அந்த அறை திறக்கவில்லை. சாப்பாட்டுக்கு மகன் அழைத்தபோது, “பசி இல்ல,” என்று மட்டும் பதில் வந்தது. அந்த மனிதர் பசி இல்லை என்று சொல்லி அந்த வீட்டில் எவரும் கேட்டதில்லை. தையற்காரர் தட்டை மூடி வைத்தார். வெளியே எடுத்து வைத்த உண்மை உள்ளே இருந்ததைவிடக் கனமாக இருந்தது அவருக்கு.

மாலை வந்தது. விளக்கைப் போட்டுவிட்டுத் தையற்காரர் பலகை முன் நின்றார். தயங்கினார். கூடத்திலிருந்து பார்த்தால் அடுக்களை முழுதும் தெரிந்தது: அடுப்பு, அவர், அவருடைய மாவு படிந்த கைகள் எல்லாம். மறைக்க ஒன்றுமில்லை.

வாயிலோரம் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. ஓட்டுநர் காலை நீட்டி அமர்ந்தார்.

“முந்தாநாள் நடந்ததை இன்னும் சொல்லலை நான்,” என்றார், எதுவுமே நடவாததுபோல. “சந்தை நிறுத்தத்துல ஒரு ஆள் ஏறினான். கையில ஆளுயரக் கண்ணாடி. முகம் பார்க்கற கண்ணாடிங்க! நடத்துநர் ஏத்த முடியாதுங்கறார். அந்த ஆளு, ‘என் தங்கச்சி புது வீட்டுக்கு, நான் டிக்கெட் ரெண்டா வாங்கிக்கறேன், கண்ணாடிக்கும் ஒண்ணு’ங்கறான்.”

“அப்புறம்?” என்றார் கணவர்.

அந்தச் சொல் வெளிவந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்புறம் என்ன, ஏத்திட்டோம். வண்டி கிளம்பினதும் பாருங்க, பின்னாடி ஒரே அமைதி. சண்டை இல்ல, சத்தம் இல்ல. என்னடான்னு மேல கண்ணாடியில பார்த்தா, மொத்த வண்டியும் தலை சீவிக்கிட்டிருக்கு! ஒரு பெரியம்மா புருவத்தைத் தடவிக்கறாங்க. ஒருத்தர் பல்லைக் காட்டிப் பார்க்கறார். நிறுத்தம் வந்தும் யாரும் இறங்க மாட்டேங்கறாங்க. சரி, பாலத்துப் பள்ளம் வருது. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. அந்தப் பள்ளத்துல வண்டி மொத்த ஆளையும் தூக்கிப் போடும்…”

பின்னறைக் கதவு திறந்த ஓசையை இருவரும் கேட்டார்கள். எவரும் திரும்பவில்லை. சுவரைத் தொட்டபடி வரும் காலடி கூடத்தில் நின்றது. நாற்காலி முனகியது. தையற்காரரின் கை மாவின் மேல் நின்றது. திரும்பிப் பார்க்கவும் துணியவில்லை, மாவை விட்டு விலகவும் மனமில்லை. பிறகு, மெல்ல, ஓர் உருண்டையை எடுத்துத் தேய்த்து, கல்லில் போட்டார்.

ஓட்டுநர் மாமனாரைப் பார்க்கவில்லை. கணவரின் கைகளையே பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். “நான் வேகத்தைக் குறைச்சேன். நடந்து போறவங்ககூட என்னைத் தாண்டிப் போறாங்க. பின்னாடி வண்டிக்காரன் ஒருத்தன் ஹார்ன் அடிச்சே செத்தான். ‘பிடிச்சுக்குங்க!’ன்னு ஒரு கத்து கத்தினேன். உடனே…”

அடுப்பில் ரொட்டி உப்பியது. கணவர் அதைத் திருப்பிப் போட்டபோது எழுந்த சிறு ஓசையில் ஓட்டுநரின் பேச்சு நின்றது.

கூடத்திலிருந்து, வழக்கமான பெரிய குரலில் பாதியே இருக்கும், ஒரு குரல் கேட்டது.

“உடனே என்னாச்சும்மா? கண்ணாடி முழுசாப் போய்ச் சேர்ந்துச்சா, இல்லையா?”

“இருங்க மாமா, அதுக்குத்தான் வர்றேன்,” என்றார் ஓட்டுநர். எழுந்து, தம் நாற்காலியைச் சற்றே திருப்பிப் போட்டுக்கொண்டார், உள்ளே இருப்பவர் முகமும் வெளியே இருப்பவர் முகமும் தமக்குத் தெரியும்படி.